ஏட்டுச் சுரைக்காயும் மேற்கோள் குறியும்

விருதுபட்டி என்று வழங்கிய ஊர் 1923-ஆம் ஆண்டில் விருதுநகர் என்று பெயர் பெற்றது. பழைய பெயரை எழுத்தெண்ணிப் பார்த்தால் ஆறு எழுத்து. புதிய பெயரை எண்ணிப் பார்த்தாலும் அதே ஆறு எழுத்துத்தான். ஊர் மக்கள் பெயரை மாற்றினார்களே தவிர எழுத்தின் தொகையை மாற்றவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இந்த வேடிக்கைக்குள்ளே ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. ‘விருதுநகரில் எண்ணெய்க் கடைகளும் மிளகாய் வற்றல் மண்டிகளும் மிகுதி’ என்று ஒருவர் சொன்னால் அவர் ஊரைப் பற்றிப் பேசுகிறார். ‘விருதுநகரில் ஆறு எழுத்துக்கள் இருக்கின்றன’ என்று வேறொருவர் சொன்னால் அவர் ஊரைப் பற்றிப் பேசவில்லை. ஊரின் பெயரைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு வாக்கியத்திலும் வந்தது ஒரே சொல்தான். முதல் வாக்கியத்தில் அச்சொல் வேலை செய்தது. இரண்டாவதில் அது வேலையை விட்டுவிட்டுத் தன்னையே காட்டிக்கொண்டு நின்றது. பெருந்தலைவர் காமராசர் 1903-இல் பிறந்தது விருதுபட்டியிலா, விருதுநகரிலா என்று பள்ளிப் பிள்ளை கேட்டால், ஊரைக் கருதினால் இரண்டும் ஒன்றே என்றும், பெயரைக் கருதினால் அன்று இருந்தது விருதுபட்டி ஒன்றே என்றும் இரு விடை கூற வேண்டியிருக்கும்.

ஒரு சொல்லைப் பொருளுக்காக ஆளுவதையும், சொல்லாகவே எடுத்துக் காட்டுவதையும் மேனாட்டுத் தருக்க நூலார் இரு வேறு செயல்களாகப் பிரித்து உரைப்பர். அமெரிக்க அறிஞர் குவைன் 1940-இல் வெளியிட்ட கணிதத் தருக்க நூலில் இதற்கென ஒரு பகுதியே ஒதுக்கினார். ஆனால் இந்த வேற்றுமை நம்மவர்க்குப் புதிதன்று. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அதைவிடச் சுருக்கமாக இதனை யார் சொல்லிவிட முடியும்? ஏட்டில் இருப்பது சுரைக்காய் அன்று. ‘சுரைக்காய்’ என்னும் சொல். ‘நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா?’ என்பது மற்றொரு பழமொழி. வடமொழி நியாய நூலாரும் இதே கருத்தை விவாதித்தனர். ‘அன்னம்’ என்றவுடன் வாய் நிறைவதில்லை, ‘நெருப்பு’ என்றவுடன் வாய் சுடுவதில்லை. ஆதலின் சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான பிணைப்பு இல்லை என்பது அவர்கள் வாதம்.

பட்டாசு செய்யும் சிவகாசிப் பக்கத்தில் இந்த உண்மையைக் கண்ணாலேயே காணலாம். வெடிமருந்து கையாளும் அறைகளின் வாயிலில் வாளிகள் தொங்கும். சிலவற்றில் ‘மணல்’ என்றும், சிலவற்றில் ‘தண்ணீர்’ என்றும் வண்ணத்தால் எழுதியிருக்கும். வாளியில் மணல் இருந்தால் அந்த எழுத்துக்குப் பொருளுண்டு. வாளி வெறுமையாக இருந்தால் அது ஏட்டுச் சுரைக்காய். எழுத்து எந்தத் தீயையும் அணைக்காது. சொல்லையும் பொருளையும் ஒன்றென மயங்குவது எல்லா ஊரிலும் பிழைதான். அந்தப் பக்கத்தில் அது உயிரைக் குடிக்கும் பிழை.

சொல்லைச் சொல்லாகவே காட்ட இன்று அச்சில் பல வழிகள் உண்டு. மேற்கோள் குறிக்குள் அடைக்கலாம். தடித்த எழுத்தில் இடலாம். ஆங்கில நூல்களில் போலச் சாய்ந்த எழுத்தில் இடலாம். இவையொன்றும் இல்லாத பழங்காலத்தில் நம் முன்னோர் என் செய்தனர் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பனையோலை ஏட்டை எண்ணிப் பாருங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இல்லை. காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இத்தகைய ஏட்டில் ஒரு சொல்லை மற்றச் சொற்களினின்றும் வேறுபடுத்திக் காட்ட எழுத்தின் வடிவத்தால் இயலாது. ஆகவே மொழியே அந்தக் காவலை ஏற்றுக்கொண்டது. குறி எழுத்தில் இல்லை, பேச்சில் இருந்தது.

முதலில் எழுத்தைப் பாருங்கள். தமிழில் தனியெழுத்தே பல இடங்களில் பொருள் தரும் சொல்லாக நிற்கும். ‘ஆ’ என்றால் பசு. ‘ஈ’ என்றால் பறக்கும் ஈ. ‘தீ’ என்றால் நெருப்பு. ‘பூ’ என்றால் மலர். நன்னூலார் இத்தகைய ஓரெழுத்து ஒருமொழிகளை 42 என்று கணக்கிட்டார். அப்படியானால் ‘ஆ நெடியது’ என்று ஆசிரியர் சொன்னால் மாணவன் எழுத்தை நினைப்பானா, பசுவின் உடலை நினைப்பானா? இந்த மயக்கம் நேராதிருக்கவே எழுத்துக்களுக்குக் ‘கரம்’, ‘காரம்’, ‘கான்’ என்னும் சாரியைகளை வகுத்தார்கள். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் இவற்றுக்கு விதி கூறினார். குற்றெழுத்து மூன்று சாரியையும் ஏற்கும். நெட்டெழுத்துக்குக் ‘காரம்’ உரியது. ஐகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் ‘கான்’ என்பதும் வரும் என்பது அவர் வகுத்த முறை. ஆகவே நாம் ‘அகரம்’ என்கிறோம், ‘ஆகாரம்’ என்கிறோம், ‘ஐகான்’ என்கிறோம். ஈ பறக்கும், ஈகாரம் பறவாது. தீ சுடும், ‘தீ’ என்னும் எழுத்து சுடாது. சாரியையைச் சேர்த்தவுடனே அது பொருளைச் சுட்டவில்லை, எழுத்தையே சுட்டுகிறது என்பது காதுக்கு விளங்கிவிடுகிறது. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஈயத்தில் வார்த்துச் செய்ததை நம்மவர் ஓர் அசையால் செய்தனர்.

அடுத்துச் சொல். இங்கே காவல் நிற்பது ‘என்’ என்னும் சிறிய அடி. ‘என’, ‘என்று’, ‘என்பது’, ‘என்னும்’, ‘என்றால்’ என்று அது பல உருவம் கொள்ளும். ‘என’ என்னும் இடைச்சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்னும் ஆறு இடங்களில் வரும் என்று தொல்காப்பியரும் சொன்னார். நன்னூலாரும் அதையே தழுவினார். ‘டமார் என வெடித்தது’ என்றால் அது இசை. ‘வைப்பாறு என ஓர் ஆறு’ என்றால் அது பெயர். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலனாகும். ‘டமார்’ என்பதற்கு அகராதிப் பொருள் இல்லை. அது வெறும் ஓசை. அந்த ஓசையை ஓசையாகவே ஏந்திக் காட்டும் அதே கை, பெயரையும் பெயராகவே ஏந்திக் காட்டுகிறது. ‘எனக்கு முன்னே நிற்பதன் பொருளைத் தேடி ஓடாதே, அதன் உருவத்தை நோக்கு’ என்று சொல்லுவது போல ‘என’ நிற்கிறது.

இம்முறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் ‘அனி’, கன்னடத்தில் ‘எந்து’, மலையாளத்தில் ‘என்னு’ என இவ்வினத்து மொழிகள் பலவும் எடுத்துக் காட்டிய சொல்லுக்குப் பின்னே ஒரு காவலை நிறுத்துகின்றன. வடமொழியில் ‘இதி’ என்பது இதே தொழிலைச் செய்கிறது. பாணினி முனிவர் ஒருபடி மேலே சென்றார். இலக்கண நூலுக்குள்ளே ஒரு சொல் வந்தால், அது கலைச்சொல்லாக இல்லாதவிடத்துத் தன் வடிவத்தையே குறிக்கும் என்று முன்கூட்டியே ஒரு விதியை இட்டுவிட்டார். உலக வழக்கில் சொல் பொருளைக் குறிக்கும். இலக்கணத்தில் சொல் தன்னையே குறிக்கும். அச்சு இயந்திரம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னே இத்தனை தெளிவு இருந்தது.

விருதுநகர் மாவட்டத்திலேயே இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர், பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த தலம். ஆண்டாள் அருளிய திருப்பாவையின் 30 பாசுரங்களுக்கும் பெரியவாச்சான் பிள்ளை முதலிய ஆசாரியர்கள் வியாக்கியானம் அருளிச்செய்தனர். அவ்வுரைகளைப் படிக்கும்போது பாசுரத்துச் சொல் ஒன்றை எடுப்பதும், அதன் கருத்தை விரிப்பதும், ‘என்கிறாள்’ என்றோ ‘என்றபடி’ என்றோ முடிப்பதுமாகிய ஓட்டத்தைக் காணலாம். பிற்காலத்தில் அவற்றை அச்சிட்டவர்கள் எடுத்த சொல்லைப் பிறைக்கோட்டுக்குள் அடைத்து, ஒரு சிறு கோடு இழுத்து, உரையைத் தொடங்கினர். பிறைக்கோடு அச்சகத்தார் தந்தது. ‘என்றபடி’ ஆசாரியர் தந்தது. பிறைக்கோட்டை நீக்கிவிட்டுக் கோயில் மண்டபத்தில் உரக்க வாசித்தாலும் உரை விளங்கும். அதுவே அந்நடையின் வலிமை.

ஆயினும் நம் முறையில் ஒரு குறை உண்டு என்பதையும் நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ‘என்’ என்பது எடுத்த சொல் எங்கே முடிகிறது என்று காட்டும்; எங்கே தொடங்குகிறது என்று காட்டாது. ‘பழைய வெடி என்னும் சொல்’ என்று எழுதினால், எடுத்துக் காட்டியது ‘வெடி’ என்னும் ஒரு சொல்லா, ‘பழைய வெடி’ என்னும் இரு சொல்லா? வேலியின் ஒரு பக்கம் மட்டும் கட்டிய தோட்டம் போன்றது இது. இந்தக் குறையின் விலையை நான் பின்னர் என் கண்ணாலேயே கண்டேன். அதைச் சொல்லுமுன் அச்சின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

சாய்ந்த எழுத்து இத்தாலி நாட்டில் பிறந்தது. வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூசியஸ் என்னும் பதிப்பாளர் 1501-இல் வர்ஜில் என்னும் இலத்தீன் கவியின் நூலைச் சிறிய அளவில் சாய்ந்த எழுத்தால் அச்சிட்டார். அவருக்கு அவ்வெழுத்தை வெட்டித் தந்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்காலத்துக் கற்றவர்களின் விரைந்த கையெழுத்தைத் தழுவி அமைந்த எழுத்து அது. சொல்லைச் சொல்லாகக் காட்டுவது அன்று அதன் நோக்கமே அன்று. நூல் முழுவதும் அவ்வெழுத்தாலேயே அமைந்தது. பின்னர்தான் நேர் எழுத்துக்கிடையே சாய்ந்த எழுத்தைக் கலந்து, அயல்மொழிச் சொல், நூற்பெயர், அழுத்தம் வேண்டும் சொல், எடுத்துக் காட்டும் சொல் என்று அதற்கு வேலை பகிர்ந்து கொடுத்தனர்.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாக நமக்குக் கிடைத்திருப்பது 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறு நூல். பின்னர்த் தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலிய பாதிரிமார் அச்சகம் நிறுவினர். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. ஈயத்தில் எழுத்து வார்க்கத் தொடங்கியபோது ஓலையின் அச்சம் நீங்கியது. புள்ளி குத்தினால் தாள் கிழியாது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்திய வீரமாமுனிவர் 1732-இல் ‘சதுரகராதி’யை இயற்றினார். அகராதி என்பது சொல்லைச் சொல்லாகவே நிரல்படுத்தி நிறுத்தும் நூல். அதில் தலைச்சொல்லாக நிற்கும் ‘யானை’ நடப்பதில்லை, ‘கடல்’ அலைவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் இவ்வாறே அணிவகுத்து நிற்கின்றன.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849-இல் சென்னைக்கு வந்து அச்சு இயந்திரம் வாங்கிச் சென்று வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவினார். தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளை ஒழுங்குபட ஆண்ட முன்னோடிகளுள் அவர் தலைசிறந்தவர். அவருக்குப் பின் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தபோது, மூலம் எது, உரை எது, மேற்கோள் எது என்று கண் பிரித்தறியும்படி பக்கங்கள் அமைந்தன. ஐயரவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிட்டார்கள். அப்பக்கங்களை இன்று எளிதாகப் படிக்கிற நாம், ஒரே ஓட்டமாக ஓடிய ஏட்டில் அவர்கள் எத்தனை இரவுகள் சொல்லின் எல்லையைத் தேடினார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

இத்தனையிலும் சாய்ந்த எழுத்து மட்டும் தமிழில் வேரூன்றவில்லை. காரணம் எளிது. ரோமன் எழுத்துக்கு நேரெழுத்து, விரைவெழுத்து என்னும் இரு மரபுகள் இருந்தன. இரண்டும் அச்சில் ஏறின. தமிழ் அச்செழுத்து ஓலை எழுத்தின் ஒரே மரபிலிருந்து வந்தது. மேலும், ஆங்கில எழுத்து 26. தமிழுக்கோ கொம்பும் விலங்கும் சுழியுமாக அச்சுப்பெட்டியில் அறைகள் மிகப் பல. இன்னொரு சாய்ந்த தொகுதி வாங்குவதானால் ஈயத்துக்கு இரட்டைச் செலவு. நான் வேலை செய்த சிற்றச்சகத்தில் சாய்ந்த தமிழ் எழுத்தை நான் கண்டதில்லை.

ஆம், நான் ஓர் அச்சகத்தில் வேலை செய்தேன். சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலை நிலைநாட்டியவர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். இருவரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு வந்தது. பெட்டி என்றால் அதன்மேல் ஒட்டச் சீட்டு வேண்டும். சீட்டு என்றால் அதில் படமும் பெயரும் வேண்டும். ஆகவே அச்சுத் தொழிலும் அங்கே வளர்ந்தது. எழுதப் படிக்க அறியாதவர் படத்தைக் காட்டிப் பெட்டி வாங்குவர். அறிந்தவர் பெயரைச் சொல்லி வாங்குவர். இவ்வாறு, பெயரைத் தாளில் ஏற்றிப் பெட்டியில் ஒட்டுவதே பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழிலாயிற்று.

1972-ஆம் ஆண்டில், அந்த ஊர் இராமநாதபுர மாவட்டத்தில் இருந்த காலத்தில், அங்கே ஒரு சிறிய அச்சகத்தில் நான் பிழை பார்க்கும் பையனாகச் சேர்ந்தேன். அச்சுக்கோப்பவர் என்னைவிட முப்பது வயது மூத்தவர். எல்லாரும் அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைப்பர். ஈயத் தூள் படிந்து கறுத்த விரல்கள். பெட்டியைப் பாராமலே எழுத்தை எடுக்கும் பழக்கம்.

ஒருநாள் குருவி வெடிக் கட்டுக்கு ஒட்டும் ஒற்றை வண்ணச் சீட்டுக்கு ஓர் ஆர்டர் வந்தது. வாடிக்கைக்காரர் பென்சிலால் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: ‘மேலே பெரிய எழுத்து குருவி வெடி என்று போடவும்.’ அண்ணாச்சி கோத்தார். புரூப் என் கைக்கு வந்தது. துண்டுத் தாளையும் புரூப்பையும் ஒப்பிட்டேன், எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, கையெழுத்திட்டேன். 5,000 சீட்டுகள் அச்சாகி, வெட்டி, கட்டிய பின்புதான் முதலாளி பார்த்தார். சீட்டின் தலையில் அழகாக நின்றது: ‘பெரிய எழுத்து குருவி வெடி.’

இன்று கேட்போர்க்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அண்ணாச்சியின் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. நம் நாட்டுப்புறச் சந்தைகளில் விற்ற கதைப் புத்தகங்களின் அட்டையைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’, ‘பெரிய எழுத்து நல்லதங்காள் கதை’ என்று நூற்பெயரோடு சேர்த்தே அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். அச்சின் இயல்பைச் சொல்லும் தொடர் பெயரின் பகுதியாகவே ஆகிவிட்ட உலகம் அது. அத்தகைய அட்டைகளை வாழ்நாளெல்லாம் கோத்தவர், ‘பெரிய எழுத்து’ என்பது கட்டளையா, பெயரின் பகுதியா என்று எப்படி அறிவார்? துண்டுத் தாளில் ‘என்று’ இருந்தது. அது முடிவைக் காட்டியது. தொடக்கத்தைக் காட்ட ஒரு சிறு மேற்கோள் குறி இல்லை. வேலியின் ஒரு பக்கம் திறந்து கிடந்தது.

தாளின் விலை அண்ணாச்சியின் கூலியில் பிடிக்கப்பட்டது. ஆறு நாள் கூலி. அவர் முதலாளியிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “எழுதியிருந்ததைத்தானே முதலாளி கோத்தேன்.” அது உண்மை. பிழை பார்த்துக் கையெழுத்திட்டவன் நான். நான் படித்தவன், ‘பெரிய எழுத்து’ என்பது வேறு, ‘குருவி வெடி’ என்பது வேறு என்று நின்று நினைத்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். ஆனால் நானும் எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டேனே தவிரப் பொருளைக் கருதவில்லை. அன்று நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற அச்சம். மாதம் முடிந்து சம்பளம் வாங்கியபோது அந்த ஆறு நாள் கூலியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார். “இரண்டு பேரும் பார்த்தோம், இரண்டு பேரும் விட்டோம்” என்றார். பிறகு ஒன்று சொன்னார்: “இனிமேல் சீட்டை எனக்குச் சத்தமாய் வாசித்துக் காட்டுங்க தம்பி. கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும்.”

மறுநாள் முதல் அவ்வாறே செய்தோம். வாசித்தபோதுதான் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. ‘மேலே பெரிய எழுத்து’ என்று சொல்லி, ஒரு நொடி நிறுத்தி, ‘குருவி வெடி’ என்று குரலை எடுத்து, ‘என்று போடவும்’ என்று முடித்தால் மயக்கம் என்பதே இல்லை. முடிவைக் காட்ட ‘என்று’ இருக்கிறது. தொடக்கத்தைக் காட்ட அந்த ஒரு நொடி மௌனம் இருக்கிறது. ஓலைச் சுவடிக் காலத்தில் வேலியின் மறுபக்கத்தைக் கட்டியிருந்தது ஆசிரியரின் குரல்தான். ஏட்டைப் பெரும்பாலும் தனியே மௌனமாகப் படித்துவிட எண்ணவில்லை; ஆசிரியர் வாசிக்க மாணவர் கேட்டனர். அச்சு வந்து, நாம் வாய் மூடிப் படிக்கத் தொடங்கியபோது அந்த மௌனத்தை இழந்தோம். இழந்ததற்கு ஈடாக வந்ததே மேற்கோள் குறி. நாவலரும் மற்றோரும் தாளில் இட்ட சிறு குறி, நம் பழைய ஆசிரியரின் மூச்சு நின்ற இடம் என்றே நான் கருதுகிறேன்.

சொல்தானே, எழுத்துத்தானே, இதற்கு இத்தனை பேச்சா என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்கு விருதுநகரிலிருந்தே ஒரு விடை உண்டு. 1956-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் சங்கரலிங்கனார் என்னும் தியாகி அவ்வூரில் உண்ணாவிரதம் தொடங்கினார். அவருடைய கோரிக்கைகளுள் முதன்மையாக நாடு நினைவில் வைத்திருப்பது, சென்னை மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்க வேண்டும் என்பது. எழுபது நாட்களுக்கு மேல் உணவின்றிக் கிடந்து, அக்டோபர் 13-ஆம் நாள் உயிர் நீத்தார். 1967 ஜூலை 18-இல் அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஏட்டுச் சுரைக்காய்ப் பழமொழியை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சங்கரலிங்கனார் கேட்டது நிலம் அன்று. நிலம் ஏற்கெனவே இருந்தது. மக்கள் இருந்தனர், மொழி இருந்தது, ஆறும் மலையும் இருந்தன. அரசாங்கத்தின் தாளில் ஒரு சொல் மட்டும் இல்லை. த, மி, ழ், நா, டு என்னும் ஐந்தெழுத்தை அவர் கேட்டார். சொல் வேறு, பொருள் வேறு என்று தெளிந்தவரே, சொல்லுக்கென்று தனியாக ஒரு மதிப்பு உண்டு என்பதையும் தெளிவார். வாளியின்மேல் எழுதிய ‘மணல்’ தீயை அணைக்காது என்பது உண்மை. மணலை வாளியில் இட்டவன் அதன்மேல் ‘மணல்’ என்று எழுதாமல் விட்டால், தீப்பிடித்த நேரத்தில் ஓடி வருபவன் எதை எடுப்பான் என்பதும் உண்மை.

ஈய எழுத்துக்களின் காலம் முடிந்துவிட்டது. சிவகாசியில் இன்று கணினியில் எழுத்தமைத்து வண்ண வண்ணமாக அச்சிடுகிறார்கள். கணினியில் ஒரு விசையைத் தட்டினால் தமிழ் எழுத்தும் சாய்ந்துவிடுகிறது. ஆனால் அது தனியே வரைந்த எழுத்தாக இல்லாமல், பல நேரங்களில் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்ததாகவே இருக்கிறது. கொம்பும் சுழியும் நெளிந்து கண்ணை உறுத்துகின்றன. நம் எழுத்துக்கு இயல்பான குறியாக மேற்கோள் குறியே நிற்கிறது. எனினும் குறியை மட்டும் நம்பி ‘என்னும் சொல்’, ‘என்பது’ என்பவற்றை விட்டுவிடும் பழக்கம் இப்பொழுது பெருகி வருகிறது. அதை நான் தயங்காமல் குறை என்பேன். கண் இல்லாத ஒருவருக்கு அப்பக்கத்தை வாசித்துக் காட்டுகையில் குறி மறைந்துவிடும். ‘என்னும் சொல்’ மறையாது.

இந்த வானொலிப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இதனை எழுதிய தாளில் எத்தனையோ மேற்கோள் குறிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றும் உங்கள் காதுக்கு வந்திராது. ஆயினும் ‘விருதுநகர்’ என்னும் பெயரைச் சொன்னபோது நான் ஊரைச் சொல்லவில்லை என்பது உங்களுக்கு விளங்கியிருந்தால், அது தொல்காப்பியர் காலம் தொட்டு நம் மொழி காத்துவரும் ‘என்’ என்னும் அந்தச் சிறிய காவலின் பெருமை. நான் இடையிடையே ஒரு நொடி நிறுத்தியது எங்கேனும் உதவியிருந்தால், அது அண்ணாச்சி எனக்குக் கற்றுத்தந்த பாடம்.